நிலக்கரி பிளாண்ட்டை வேற எரிபொருளுக்கு மாத்தணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கணும்

பழைய நிலக்கரி மின் நிலையத்தை என்ன பண்றதுன்னு பேச்சு வந்தாலே எல்லாரும் முதல்ல கேக்குறது, பாய்லரை மாத்தணுமா இல்ல அதே பாய்லர்லயே வேற எதையாவது எரிச்சுக்கலாமாங்கறதுதான். அது மூணாவதாவோ நாலாவதாவோ வரவேண்டிய கேள்வி. அதுக்கு முன்னாடி, புது எரிபொருள் எங்கிருந்து வரும், வருஷம் பூரா தடங்கல் இல்லாம வருமா, வந்தாலும் அது நிஜமாவே கார்பனைக் குறைக்குமா, இது மூணுக்கும் பதில் வேணும். பாய்லர் தெரிஞ்ச எஞ்சினியர் கையில எதைக் கொடுத்தாலும் எப்படியாவது எரிச்சுக் காட்டிருவாங்க, அந்தத் திறமைக்குப் பஞ்சமில்ல. இந்த மாதிரி திட்டம் படுத்துப்போறது பெரும்பாலும் பாய்லருக்கு வெளியதான். அதனால அந்த வரிசையிலயே சொல்லிட்டு வர்றேன். பிளாண்ட்ல வேலை பாக்குறவங்க, எரிசக்தி படிக்கிற பசங்க, தங்களோட ஊர்ப் பக்கம் இப்படி ஒரு திட்டம் வந்தா நாலு கேள்வி கேக்கணும்னு நினைக்கிறவங்க எல்லாருக்குமே இது ஆகும்.

முதல் வேலை: டன் கணக்கு

ஒரு 500 மெகாவாட் யூனிட்டை எடுத்துக்குங்க. எஃபிஷியன்சி 36 சதவீதம்னா ஃபுல் லோடுல பாய்லருக்குள்ள போகவேண்டிய வெப்பம் கிட்டத்தட்ட 1,390 மெகாவாட். கிலோவுக்கு 24, 25 மெகாஜூல் உள்ள நல்ல நிலக்கரின்னா ஒரு நாளைக்கு சுமார் 4,900 டன் போதும். கிலோவுக்கு 17 மெகாஜூல் உள்ள மர பெல்லட்னா (மரத்தூளை அழுத்திச் சின்னச் சின்ன துண்டாக்கினது) அதே கரண்டுக்கு 7,000 டன் வேணும். வருஷத்துக்கு 70 சதவீத லோடுல ஓட்டினா 18 லட்சம் டன். எடையை விட இடம்தான் பெரிய தலைவலி, ஏன்னா ஒரு கன மீட்டர் நிலக்கரில ஏறக்குறைய 20 கிகாஜூல் (ஒரு கிகாஜூல்னா 1,000 மெகாஜூல்) இருக்கும், பெல்லட்ல 11தான், அதனால இன்னைக்கு ஓடுற கன்வேயர், பங்கர் (மில்லுக்கு மேல இருக்கற எரிபொருள் தொட்டி), யார்டு எல்லாமே கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கொள்ளளவைத் தாங்க வேண்டியிருக்கும்.

மரத்துக்குப் பதிலா வயல்ல மிஞ்சற பயிர்த் தாள்ல பெல்லட் போடறதா வெச்சு, இதை வயல் கணக்குக்கு மாத்திப் பாருங்க. மண்ணுக்கு விட்டது, மாட்டுக்குப் போனது போக ஒரு ஹெக்டேருக்கு 2 டன் தாள் மிஞ்சுதுன்னு வெச்சாலும் 18 லட்சம் டன்னுக்கு 9 லட்சம் ஹெக்டேர் வேணும், அதுவும் ஒரே ஒரு யூனிட்டுக்கு. லாரிக்கு 20 டன்னு வெச்சா தினமும் 350 லாரி கேட்டுக்குள்ள வரணும். அறுவடையோ வருஷத்துல சில வாரம்தான் நடக்குது, பாய்லருக்கு 12 மாசமும் வேணும், அதனால சேத்து வைக்கறதுக்கு இடம், காய வைக்கிற வசதி, பெல்லட் போடற மில்லு எல்லாத்தையும் யாராவது முன்னாடியே கட்டியிருக்கணும்.

இதுலயே பாதி முடிவு கிடைச்சிரும். பெரிய யூனிட்டை முழுசா பயோமாஸுக்கு (மரம், தாள், உமி மாதிரி செடிகொடியில இருந்து வர்ற எரிபொருள்) மாத்தறது எல்லா இடத்துலயும் நடக்கற காரியம் இல்ல. ஆனா அதே யூனிட்ல 10 சதவீதம் மட்டும் கலந்து எரிக்கறதுன்னா ஒரு நாளைக்கு 700 டன், 35 லாரி, அது சமாளிக்கக்கூடிய அளவு. 100, 200 மெகாவாட் பக்கம் இருக்கற சின்ன யூனிட், பக்கத்துலயே மரத் தொழில் இருந்து கழிவும் நிறைய கிடைக்குதுன்னா முழு மாற்றத்தையே யோசிக்கலாம். கனடாவுல ஒன்டாரியோவோட அட்டிகோக்கன் அப்படி மாறினது. 200 மெகாவாட் சொச்சம் உள்ள பிளாண்ட், 2012ல நிலக்கரியை நிறுத்திட்டு 2014ல மர பெல்லட்டோட திரும்ப ஓட ஆரம்பிச்சது, சுத்தி காடும் மரத் தொழிலும் இருக்கு. இங்கிலாந்துல டிராக்ஸ் இதுக்கு நேர் எதிர். 660 மெகாவாட் அளவுள்ள ஆறு யூனிட்ல நாலை 2013ல இருந்து 2018க்குள்ள பெல்லட்டுக்கு மாத்தினாங்க, அதுக்குத் தேவையான பெல்லட்ல பெரும் பகுதி அமெரிக்காவோட தென்கிழக்கு மாநிலங்கள்ல இருந்து கப்பல்ல அட்லாண்டிக் தாண்டி வருது, துறைமுகத்துல தனி ஏற்பாடு, தனியா செஞ்ச ரயில் வேகன், பிளாண்ட்ல மாபெரும் டோம்கள்னு ஒரு முழு சப்ளை செயினையே கட்டவேண்டி வந்தது. டெக்னிக்கலா அது பெரிய சாதனைதான், மறுக்கல. ஆனா எரிபொருளைத் தேடி கடல் தாண்டிப் போகவேண்டிய நிலைமை வந்தா அந்தத் திட்டத்தோட கார்பன் கணக்கை ரெண்டு மடங்கு கவனமா பாக்கணும்னுதான் நான் சொல்வேன்.

கார்பன் கணக்கை நீங்களே போடுங்க

பயோமாஸ்னாலே கார்பன் பூஜ்யம்னு ஒரு நம்பிக்கை பரவிக் கிடக்கு. ஐ.நா.வோட காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியோட பொதுவான அளவுப்படி, ஒரு கிகாஜூல் வெப்பத்துக்கு பிட்டுமினஸ் நிலக்கரி 94.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு விடும், மரம் 112 கிலோ விடும், இயற்கை எரிவாயு 56.1 கிலோ. அதாவது சிம்னி வாயில நின்னு அளந்தா மரம் நிலக்கரியை விட அதிகமாத்தான் விடுது. அப்புறம் எப்படி பூஜ்யம்னா, நாடுகள் கணக்கு எழுதும்போது மரம் வெட்டின இடத்துலயே நில மாற்றக் கணக்குல அந்தக் கார்பனை எழுதிருவாங்க, ரெண்டு தடவை வரக்கூடாதுன்னு மின்சாரக் கணக்குல விட்டுருவாங்க. கணக்கு முறையா அது சரிதான். ஆனா மரம் வெட்டின நாட்டுல அந்தக் கணக்கு ஒழுங்கா எழுதப்படலன்னா ஓட்டை அங்கேயே இருக்கு, காத்துல போன கார்பனும் காத்துலயேதான் இருக்கு.

அதனால எரிபொருளை இப்படிப் பிரிச்சுப் பாருங்க. நீங்க வாங்கலைன்னா அதுக்கு என்ன ஆகியிருக்கும்? மரத்தூள், உமி, கரும்புச் சக்கை, வயல்லயே கொளுத்தப்போற தாள் இதெல்லாம் சில மாசத்துலயோ ஒண்ணு ரெண்டு வருஷத்துலயோ எரிஞ்சோ மக்கியோ கார்பனா போயிருக்கும், அதை பாய்லர்ல எரிச்சா உடனடியா லாபம். முழு மரத்தை பெல்லட்டுக்குன்னே வெட்டினா அதே அளவு மரம் திரும்ப வளர்ற வரைக்கும் அந்தக் கார்பன் கடன்தான், பல பத்து வருஷம் ஆகும். பழங்காடா இருந்தா அந்தக் கடன் நம்ம வாழ்நாள்ல அடையாது. இந்த ஒரு விஷயத்துல மட்டும் நான் சமரசம் பேச மாட்டேன், முழு மரத்தையும் காட்டையும் வெட்டி எரிச்சு அதை பசுமை மின்சாரம்னு விக்கறது தப்பு, எந்த சர்டிஃபிகேட் ஒட்டியிருந்தாலும் தப்பு.

ஒப்பந்தம் போடறப்போ சப்ளையர்கிட்ட எழுத்துல வாங்கவேண்டியது: எந்த இடத்துல இருந்து வருது, என்ன வகைக் கழிவு, எதை எரிச்சுக் காய வெச்சாங்க, எவ்வளவு தூரம் எதுல வந்தது, ஈரப்பதம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, பொட்டாசியமும் குளோரினும் எவ்வளவு. லோடு வரும்போது சாம்பிள் எடுத்து நீங்களே லேப்ல பாக்குற உரிமையும் அதுல இருக்கணும், எடைக்குக் காசு கொடுக்காம வெப்ப அளவுக்குக் காசு கொடுங்க, இல்லன்னா தண்ணிக்குக் காசு கொடுத்துட்டிருப்பீங்க.

பயோமாஸ் வரும்போது பிளாண்ட்டுக்குள்ள எதெல்லாம் மாறும்

நிலக்கரியை வெட்டவெளியில மலையா கொட்டி வெச்சு மழை பேஞ்சாலும் ஓட்டிருவோம். பெல்லட் நனைஞ்சா ஊறிப்போய் மரத்தூள் கூழாயிரும், அதனால மூடின கிடங்கு கட்டாயம். ஆனா மூடினதும் வேற ஆபத்து வருது. குவிச்சு வெச்ச பெல்லட் தானாவே சூடேறும், உள்ளுக்குள்ள புகைஞ்சு நாள் கழிச்சு தீயா வெளிய வரும். இங்கிலாந்துல டில்பரி பிளாண்ட் 2011ல பெல்லட்டுக்கு மாறி, அடுத்த பிப்ரவரியிலயே எரிபொருள் வெச்சிருந்த பகுதியில பெரிய தீ. அதனால சைலோவுக்குள்ள (பெல்லட் சேத்து வைக்கற உயரமான மூடின தொட்டி) பல ஆழத்துல வெப்பநிலை கேபிள், கார்பன் மோனாக்சைடு அளக்கற கருவி, தேவைப்பட்டா உள்ள நைட்ரஜன் செலுத்தற ஏற்பாடு, பழசு முதல்ல வெளிய போற மாதிரி சுழற்சி, இதெல்லாம் திட்டத்தோட முதல் பக்கத்துலயே இருக்கணும். இன்னொண்ணு, பெல்லட் சும்மா கிடந்தாலே கார்பன் மோனாக்சைடு விடும், நிறமும் கிடையாது மணமும் கிடையாது. கிடங்குக்குள்ள, கப்பல் அடித்தளத்துக்குள்ள காத்தை அளக்காம இறங்கி உயிர் போயிருக்கு. இதைப் புதுசா வர்ற கான்ட்ராக்ட் தொழிலாளி வரைக்கும் சொல்லிக் கொடுக்காம ஒரு லோடு கூட இறக்கக் கூடாது.

அடுத்தது தூசி. பெல்லட் ஒவ்வொரு தடவை கன்வேயர்ல இருந்து விழும்போதும் உடைஞ்சு தூள் பறக்கும், மரத்தூள் நிலக்கரித் தூளை விட சுலபமா பத்திக்கும். ஒரு கன்வேயர்ல இருந்து இன்னொண்ணுக்கு மாறற டிரான்ஸ்ஃபர் பாயிண்ட் எல்லாத்துலயும் தூசி உறிஞ்சற அமைப்பு, பொறி கண்டுபிடிக்கிற சென்சார், வெடிப்பு அழுத்தத்தை வெளிய விடற கதவு வேணும், எல்லாத்துக்கும் மேல தினமும் கூட்டிச் சுத்தம் பண்ற பழக்கம் வேணும். பீம் மேல படிஞ்சிருக்கற தூசிதான் சின்ன வெடிப்பை பெரிய வெடிப்பாக்கும்.

மில்லுக்கு வருவோம். கோல் மில் நிலக்கரியை நசுக்கிப் பொடியாக்கும், நிலக்கரி நொறுங்கற பொருள், மரம் நார். நசுக்கினா மரம் பொடியாகாது, பெல்லட் உடைஞ்சு அது செஞ்ச மரத்தூள் எந்த சைஸ்ல இருந்துச்சோ அந்த சைஸுக்குத் திரும்பும், அவ்வளவுதான். அதனால பெல்லட் வாங்கும்போதே உள்ள இருக்கற தூளோட சைஸைக் கேட்டு வாங்கணும். பொடியை சைஸ் வாரியா பிரிக்கற கிளாசிஃபையரை மாத்தணும், இல்ல அடிச்சு உடைக்கற ஹாமர் மில்லைத் தனியா போடணும். மில்லுக்குள்ள போற சூடான காத்தோட வெப்பநிலையை நல்லா குறைக்கணும், நிலக்கரிக்கு வெச்ச சூட்டுல மரம் மில்லுக்குள்ளயே பத்திக்கும்.

கலந்து எரிக்கறதுக்கு மூணு வழி இருக்கு. கன்வேயர்லயே நிலக்கரியோட கலந்து பழைய மில்லு வழியாவே அனுப்பறது, செலவு கம்மி, 5 சதவீதம் கிட்ட சுலபம், 10 வரைக்கும் கவனமா போகலாம், அதுக்கு மேல மில்லு திணறும். ரெண்டாவது, பயோமாஸுக்குன்னு ஒரு மில்லையும் சில பர்னரையும் ஒதுக்கறது, செலவு கூடும், அளவும் கூட்டலாம். மூணாவது, பாய்லருக்கு வெளிய தனி கேசிஃபையர்ல பயோமாஸை வாயுவாக்கி அந்த வாயுவை மட்டும் பாய்லருக்குள்ள விடறது. பின்லாந்துல வாசா ஊர்ல 140 மெகாவாட் கேசிஃபையர் ஒண்ணை 2012, 2013 வாக்குல நிலக்கரி பாய்லரோட இணைச்சாங்க. பயோமாஸ் சாம்பலோட பெரும் பகுதி பாய்லருக்குள்ள வராதுங்கறது இந்த முறையில எனக்குப் பிடிச்ச விஷயம்.

ஏன் பிடிச்சிருக்குன்னா பாய்லரைக் கொல்றது பயோமாஸோட சாம்பல்தான். தாள், வைக்கோல் மாதிரி சீக்கிரம் வளர்ற பயிர்கள்ல பொட்டாசியமும் குளோரினும் நிறைய. எரியும்போது ரெண்டும் சேந்து பொட்டாசியம் குளோரைடு ஆவியாகி, நீராவியை இன்னும் சூடேத்தற சூப்பர்ஹீட்டர் டியூப் மேல போய்ப் படியும், டியூப் சூடு ஏற ஏற உலோகத்தை அரிக்கும். சாம்பலோட உருகுநிலையும் கம்மிங்கறதால ஃபர்னஸ் சுவர்ல கண்ணாடி மாதிரி ஒட்டிக்கிட்டு வெப்பம் உள்ள போகாமத் தடுக்கும். உமி வேற மாதிரி, எடையில 15ல இருந்து 20 சதவீதம் சாம்பல், அதுல பெரும்பாலும் சிலிக்கா, ஃபேன் பிளேடையும் டியூபையும் உரசித் தேய்க்கும். இதுக்கு என்ன பண்ணலாம்னா, பொட்டாசியம் கம்மியா உள்ள எரிபொருளோட கலக்கலாம், தாளை மழைல நனைய விட்டு உப்பு கழுவினப்புறம் காய வெச்சுக் கட்டலாம், டியூப்ல படிஞ்சதை ஊதித் தள்ற சூட் புளோயரைக் கூட்டலாம், நீராவி வெப்பநிலையைக் கொஞ்சம் இறக்கலாம். டென்மார்க்ல மரம் எரிக்கிற பாய்லர்கள்ல நிலக்கரிச் சாம்பலையே கொஞ்சம் தூவறாங்க, அதுல இருக்கற அலுமினியமும் சிலிக்காவும் பொட்டாசியத்தைப் பிடிச்சுக்கும். அசட்டையா விட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு ஒன்டாரியோவுலயே உதாரணம் இருக்கு, தண்டர் பே பிளாண்ட் 2015ல நீராவியில பதப்படுத்தின பெல்லட்டுக்கு மாறிச்சு, பாய்லர் அரிப்புனால 2018ல மூடிட்டாங்க.

டாரிஃபைடு பெல்லட் பத்தி நிறைய பேர் கேப்பாங்க. காத்து இல்லாம 200ல இருந்து 300 டிகிரில வறுத்த பயோமாஸ், தண்ணியை அவ்வளவா உறிஞ்சாது, நிலக்கரி மாதிரியே நொறுங்கும், கிலோவுக்கு 20, 22 மெகாஜூல் வரும், மில்லை மாத்தற வேலை குறையும். ஆனா பொட்டாசியம் வறுத்தாலும் போகாது, இது ஞாபகம் இருக்கட்டும்.

பின்னாடி இருக்கற கருவிகளையும் மறக்கக் கூடாது. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கற கேட்டலிஸ்ட்டை (வினையூக்கி) பொட்டாசியமும் பாஸ்பரஸும் சீக்கிரமே செயலிழக்க வைக்கும். மரத்துல கந்தகம் கம்மிங்கறதால சல்ஃபர் டை ஆக்சைடு இறங்கும், அது நிஜமான லாபம். சாம்பலை சிமென்ட் கம்பெனிக்கு வித்துட்டிருந்தா முன்கூட்டியே பேசிருங்க, 10 சதவீதம் கலந்தப்போ வாங்கினவங்க 100 சதவீத பயோமாஸ் சாம்பலை வாங்க மாட்டாங்க, ஏன்னா அந்தத் தரக்கட்டுப்பாடு நிலக்கரிச் சாம்பலை வெச்சு எழுதினது.

சோதனை ஓட்டம் நடத்தும்போது அவசரப்படாதீங்க. முதல்ல வெறும் நிலக்கரியில ஓடும்போது எல்லா அளவையும் எடுத்து வெச்சுக்குங்க, மில் ஆம்பியர் (மில்லு இழுக்கற கரண்ட்), ஃபர்னஸ் வெளியேறும் வாயு வெப்பநிலை, சாம்பல்ல எரியாத கார்பன், டியூப் கனம். அப்புறம் 3, 5, 7, 10ன்னு ஏத்தி ஒவ்வொரு படியிலயும் வாரக்கணக்குல நில்லுங்க, ஏன்னா சாம்பல் படியறதும் அரிப்பும் ஒரு நாள் டெஸ்ட்ல தெரியாது. வருஷாந்திர ஷட்டவுன்ல டியூப் கனத்தைத் திரும்ப அளந்து பாத்தப்புறம்தான் அடுத்த படிக்கு ஏறணும்.

இன்னொரு யோசனை, கையில கிடைக்கிற பயோமாஸ் அளவானதுன்னா அதை வெறும் கரண்டுக்கு மட்டும் எரிக்காம, வெப்பத்தையும் பயன்படுத்தற இடத்துல எரிங்க. கோபன்ஹேகன் பக்கத்துல அவேடோரே பிளாண்ட்டோட முதல் யூனிட் 2016ல மர பெல்லட்டுக்கு மாறினது, கரண்டோட சேத்து நகரத்து வீடுகளுக்கு வெந்நீரும் அங்கிருந்துதான் போகுது. வெறும் கரண்ட்னா எரிபொருளோட வெப்பத்துல மூணுல ரெண்டு பங்கு வீண், இப்படிச் செஞ்சா பெரும்பகுதி உபயோகமாயிரும். பக்கத்துல பேப்பர் மில்லு, சர்க்கரை ஆலை, சாயப்பட்டறைன்னு நீராவி வேணுங்கறவங்க இருந்தா அவங்களோட முதல்லயே பேசுங்க.

எரிவாயுவுக்கு மாறறது

அமெரிக்காவுல 2011ல இருந்து 2019க்குள்ள 121 நிலக்கரி பிளாண்ட் வேற எரிபொருளுக்கு மாறினதா அந்நாட்டு எரிசக்தித் தகவல் நிர்வாகம் சொல்லுது, அதுல 103 இயற்கை எரிவாயுவுக்கு மாறினது அல்லது எரிவாயு பிளாண்ட்டா திரும்பக் கட்டினது. வேலையா பாத்தா இது சுலபம், பர்னரை மாத்தி பைப்லைன் இழுத்தா அதே பாய்லர் ஓடும், சாம்பல் தொல்லை கிடையாது. ஆனா பழைய பாய்லர்லயே எரிவாயுவை எரிச்சா எஃபிஷியன்சி 34 சதவீதம் வாக்குலதான் நிக்கும், ஒரு மெகாவாட் மணி கரண்டுக்கு 590 கிலோ கார்பன் டை ஆக்சைடு, நிலக்கரில 946 கிலோ. 58 சதவீத எஃபிஷியன்சி உள்ள புது கம்பைன்டு சைக்கிள்ல (எரிவாயு டர்பைன் விடற சூட்டை வெச்சு நீராவி டர்பைனையும் ஓட்டற பிளாண்ட்) அதே எரிவாயு 350 கிலோதான் விடும்.

இதுல பைப்லைன் கசிவைச் சேத்தா கதை மாறும். மீத்தேன் 20 வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைடை விட 80 மடங்குக்கு மேல சூடேத்தும். பழைய பாய்லர்ல ஒரு மெகாவாட் மணிக்கு 210 கிலோ எரிவாயு போகுது, கிணத்துல இருந்து பர்னர் வரைக்கும் 3 சதவீதம் கசிஞ்சா அது 6 கிலோவுக்கு மேல, அதோட தாக்கம் 500 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு சமம். நிலக்கரிச் சுரங்கமும் மீத்தேன் விடும்ங்கறது உண்மைதான், ஆனாலும் குறைஞ்சதா நினைச்சது அந்த 20 வருஷத்துக்குள்ள காணாமப் போயிரும். அதனால எரிவாயு விக்கிறவங்ககிட்ட கசிவை அளந்த கணக்கு இல்லன்னா நான் இந்த வழியை சிபாரிசு பண்ண மாட்டேன், இருந்தாலும் எப்பவாவது தேவைக்கு மட்டும் ஓடற யூனிட்டுக்குத்தான் இது பொருந்தும், ராப்பகலா ஓட்டறதுக்கு இல்ல.

அமோனியாவும் ஹைட்ரஜனும்

ஜப்பான்ல ஹெகினான் பிளாண்ட்டோட 1,000 மெகாவாட் நாலாவது யூனிட்ல 2024 ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் 20 சதவீத வெப்பத்தை அமோனியாவுல இருந்து எடுத்து ஓட்டிக் காட்டினாங்க, நைட்ரஜன் ஆக்சைடும் கூடல. எரிக்க முடியும்ங்கறது நிரூபணமாயிருச்சு. எந்த அமோனியாங்கறதுதான் பிரச்சனை. ஒரு டன் அமோனியாவுல 18.6 கிகாஜூல் இருக்கு, அந்த அளவு நிலக்கரியை எரிச்சா 1.76 டன் கார்பன் டை ஆக்சைடு வந்திருக்கும். ஆனா உலகத்துல இன்னைக்கு எரிவாயுல இருந்தும் நிலக்கரில இருந்தும் செய்யற அமோனியா சராசரியா டன்னுக்கு 2 டன்னுக்கு மேல விடுது. அதைக் கொண்டுவந்து எரிச்சா மிச்சப்படுத்தறதை விட அதிகமா விட்டுட்டு கிரீன்னு போர்டு வெச்சமாதிரி ஆகும்.

சூரிய, காத்துக் கரண்ட்ல செஞ்ச அமோனியாவா இருந்தா கார்பன் பிரச்சனை தீரும், ஆனா ஒரு டன்னுக்கு 10 மெகாவாட் மணி கரண்ட் வாக்குல செலவாகும், அதைக் கொண்டுபோய் பாய்லர்ல எரிச்சா திரும்ப 2 மெகாவாட் மணிதான் கிடைக்கும். அஞ்சுல நாலு பங்கு போயிருது. அந்த அமோனியா உரத்துக்குப் போனா அங்க எரிவாயுவை நேரடியா மிச்சப்படுத்தும், முதல்ல அங்கதான் போகணும். போதாக்குறைக்கு அமோனியா நச்சு வாயு, எரியறப்போ சரியா எரியலன்னா நைட்ரஸ் ஆக்சைடு வரும், அது 100 வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைடை விட 273 மடங்கு.

ஹைட்ரஜன் கலக்கறோம்னு சொல்ற இடத்துல ஒரே ஒரு கேள்வி கேளுங்க, அந்த சதவீதம் கன அளவுலயா வெப்ப அளவுலயா. கன அளவுல 30 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தா வெப்பத்துல அது 11 சதவீதம்தான், கார்பனும் அவ்வளவுதான் குறையும். அமெரிக்காவோட யூட்டா மாநிலத்துல இன்டர்மவுண்டன் பிளாண்ட் நிலக்கரிக்குப் பதிலா 840 மெகாவாட் டர்பைன் வெச்சு 30 சதவீத ஹைட்ரஜன்ல தொடங்கி 2045க்குள்ள 100க்குப் போறதா திட்டம் போட்டிருக்கு, பக்கத்துலயே நிலத்தடி உப்புப் பாறையில குகை குடைஞ்சு ஹைட்ரஜனை சேமிக்கறாங்க. அந்த உப்புப் பாறை எல்லா ஊருக்கு அடியிலயும் இருக்காது.

எரிக்காமலே அந்த இடத்தை உபயோகிக்கறது

எரிபொருள் கணக்கு எதுவும் ஒத்துவரலன்னா விட்டுருங்க, தோல்வின்னு நினைக்க வேணாம். ஒரு நிலக்கரி பிளாண்ட்டோட மதிப்புல பெரும்பங்கு அதோட கிரிட் (மின் கம்பி வலையமைப்பு) கனெக்‌ஷன்ல இருக்கு, ஸ்விட்ச்யார்டு, டிரான்ஸ்ஃபார்மர், உயர் அழுத்தக் கம்பிவழி, நிலம், தண்ணி அனுமதி. புதுசா வாங்கணும்னா வருஷக்கணக்கா இழுக்கற விஷயம் இதெல்லாம். ஆஸ்திரேலியாவுல ஹேசல்வுட் பிளாண்ட் இருந்த இடத்துல 150 மெகாவாட் பேட்டரி 2023ல வந்தது. ஹவாயில கடைசி நிலக்கரி பிளாண்ட் 2022ல மூடினதும் அதோட பங்கை ஈடுகட்ட 185 மெகாவாட் பேட்டரி ஒண்ணு அடுத்த வருஷக் கடைசியில ஓட ஆரம்பிச்சது. ஒன்டாரியோவோட நான்டிகோக் ஒருகாலத்துல வட அமெரிக்காவுலயே பெரிய நிலக்கரி பிளாண்ட், அந்த இடத்துல இப்ப 44 மெகாவாட் சோலார்.

ஜெனரேட்டரையும் தூக்கிப் போட வேணாம். டர்பைனோட இணைப்பைக் கழட்டிட்டு ஜெனரேட்டரை மட்டும் கிரிட்டோட சேத்து சுத்த விட்டா அது சிங்க்ரனஸ் கண்டென்சரா வேலை செய்யும், வோல்ட்டேஜைத் தாங்கும், ஃப்ரீக்வென்சி திடீர்னு ஆடாமப் பாத்துக்கும், சோலாரும் காத்தாலையும் கூடற கிரிட்டுக்கு இது ரொம்பத் தேவை. அயர்லாந்துல மனிபாயின்ட் 2025 ஜூன்ல நிலக்கரியை நிறுத்தினது, அதுக்கு முன்னாடியே அங்க பெரிய ஃப்ளைவீலோட (கனமான சுழல் சக்கரம்) புதுசா ஒரு சிங்க்ரனஸ் கண்டென்சர் வெச்சுட்டாங்க. மூடறதுக்கு முன்னாடியே மாத்து ஏற்பாட்டை ஓட விட்டாங்க பாருங்க, அந்த வரிசையை அப்படியே பின்பத்தலாம்.

ஆள், சாம்பல்

பாய்லர், டர்பைன், கன்ட்ரோல் ரூம் ஆளுங்களுக்கு பயோமாஸ் வழியில வேலை பெரும்பாலும் நிக்கும், பேட்டரி சோலார் வழியில எண்ணிக்கை நல்லா குறையும், இதை மறைக்கக் கூடாது. முடிவு எடுத்த அன்னைக்கே யாருக்கு எந்தப் பயிற்சி, யாருக்கு எப்ப வரைக்கும் வேலைன்னு பேர் வாரியா எழுதிக் கொடுங்க. கான்ட்ராக்ட் ஆளுங்க, நிலக்கரி லாரி ஓட்டறவங்க, கேட்டுக்கு வெளிய கடை வெச்சிருக்கறவங்க எந்தப் பட்டியல்லயும் வர மாட்டாங்க, நீங்க சேத்தாத்தான் உண்டு.

கடைசியா சாம்பல் குளம். எரிபொருள் மாறினாலும் பிளாண்ட் மூடினாலும் பல வருஷமா கொட்டின சாம்பல் அங்கேயேதான் கிடக்கும், ஆர்சனிக், செலினியம், பாதரசம் எல்லாம் அதுக்குள்ள. அமெரிக்காவுல டென்னசியோட கிங்ஸ்டன் பிளாண்ட்ல 2008 டிசம்பர்ல கரை உடைஞ்சு 40 லட்சம் கன மீட்டருக்கு மேல சாம்பல் சேறு ஆத்துக்கும் வீடுகளுக்கும் பாஞ்சது. அதனால மாற்றத்துக்கான பட்ஜெட் போடும்போதே குளத்துக்குன்னு தனித் தொகை ஒதுக்கி வெச்சு, அதை வேற எதுக்கும் எடுக்க முடியாதபடி பூட்டிருங்க. சுத்தியுள்ள கிணத்துத் தண்ணியை இப்பவே எடுத்து டெஸ்ட் பண்ணி ரிசல்ட்டை ஊர் மக்கள் கையில கொடுங்க. கரையோட உறுதியை வெளி ஆளை வெச்சு பாருங்க, சிமென்ட்டுக்குப் போகக்கூடிய சாம்பலைத் தோண்டி அனுப்புங்க, மிச்சத்தை அடியில தண்ணி இறங்காத குழிக்கு மாத்துங்க. வேலை முடிஞ்சப்புறமும் அந்தக் கிணறுகளை வருஷா வருஷம் டெஸ்ட் பண்றது யார் பொறுப்புன்னு பேரோட ஒப்பந்தத்துல எழுதிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.